கரைந்ததும் கலங்கியதும்

(மண்ணூரில் உழவரும் தொழிலாளரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



மண்ணின் பெயரைத் தாங்கிய ஊரில் நின்று, மண்ணும் நீரும் கலக்கும் வகையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இஃது எளிய செய்திதானே எனக் கருதிவிடாதீர்கள். இதனை அறியாமையால் பல்லும் எலும்பும் கெட்டவர் நம் நாட்டில் உண்டு.

இதோ இரண்டு கண்ணாடி ஏனங்கள். இரண்டிலும் நீர் உள்ளது. ஒன்றில் ஒரு பிடி உப்பை இட்டுக் கலக்குகின்றேன். மற்றொன்றில் ஏரி மண்ணை இட்டுக் கலக்குகின்றேன். உப்பு கண்ணுக்கு மறைந்தது. மண்ணோ நீரைக் கலக்கியது. சற்றுப் பொறுத்துப் பாருங்கள். மண் அடியில் படியும். உப்போ நாள் பல கடந்தாலும் படியாது. துணியை நான்காக மடித்து வடித்தால் மண்ணின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு நீரோடு நீராய் இறங்கிவிடும். முன்னதைக் கரைசல் என்றும், பின்னதைத் தொங்கல் என்றும் வேதியலார் கூறுவர்.

வேறுபாடு துகளின் பருமையில் உள்ளது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோமீட்டர். கரைசலின் துகள்கள் ஏறத்தாழ 1 நானோமீட்டருக்கும் சிறியவை. தொங்கலின் துகள்கள் 1000 நானோமீட்டருக்கும் பெரியவை. இடைப்பட்டவை கூழ்மம் எனப்படும். பால் அதற்கு எடுத்துக்காட்டு. இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், கரைசலில் ஒளி செல்லும் தடம் தெரியாது, கூழ்மத்தில் தெரியும்.

நிறத்தைக் கொண்டு மயங்கற்க. மயில்துத்தம் கரைந்த நீர் நீல நிறமுடையது. எனினும் அது தெளிந்த கரைசலே. அதனோடு சுண்ணாம்புப் பாலைச் சேர்த்து உழவர் ஆக்கும் போர்டோக் கலவையோ தொங்கல். ஆகவேதான் அதனை அவ்வப்போது கலக்கிக்கொண்டே தெளித்தல் வேண்டும்.

தாய்மார்களே, உங்கள் வீட்டு மருந்துக் குப்பியிலும் இப்பாடம் உண்டு. குழந்தைகட்குரிய மருந்துகள் பலவற்றின்மேல் 'நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்துக' என்று அச்சிட்டிருப்பர். அவை தொங்கல்கள். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் மருந்து குறையும். கடைசி நாள் மிகும். குறைந்தால் நோய் தீராது. மிகுந்தால் மருந்தே நஞ்சாகும். அவ்வொரு வரியைப் படியாது விட்டால் துன்புறுவது குழந்தையன்றோ?

இனி நீருக்கு வருவோம். களிமண்ணின் நுண்துகள்கள் கூழ்ம அளவினவாதலின், மழைக்காலத்து ஏரிநீர் நாட்கணக்கில் தெளிவதில்லை. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளிவித்தனர். அக்கொட்டையின் பசைப்பொருள் துகள்களை இணைத்துத் திரளாக்க, திரண்டவை எடை மிகுந்து அடியில் படிகின்றன. கழகக்காலத்தார் அம்மரத்தை 'இல்லம்' என்றனர். அதன் கொட்டையால் கலங்கல் தெளிவதைக் கலித்தொகை உவமையாகவே ஆண்டுள்ளது. உங்களுக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கத்தில், நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் திறனுடைய நிலையம் சென்னைக்காக இயங்குகின்றது. ஏரிநீரைத் தெளிவிக்கும் இத்தகைய நிலையங்களில் படிகாரம் செய்யும் பணியும் துகள்களைத் திரட்டிப் படியவைப்பதே.

ஆயின், தேற்றாங்கொட்டையோ படிகாரமோ கரைந்த உப்பை நீக்குமோ? நீக்கா! இங்குதான் மக்கள் ஏமாறுகின்றனர். கலங்கிய நீரைக் கண்டு முகஞ்சுளிப்போர், தெளிந்த நீரைக் கண்டதும் தூயதென்று பருகிவிடுகின்றனர். தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிற் பல இடங்களில் புளோரைடு கரைந்துள்ளது. அது பாறையினின்று கரைந்து வருவது. நீர் பளிங்குபோல் இருக்கும், நிறமில்லை, மணமில்லை. ஆனால், அளவு மிகின் பல்லில் கறை படியும். நெடுநாள் பருகின் எலும்பும் மூட்டும் கெடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதே இந்தியக் குடிநீர்த் தரநூல் ஏற்கும் அளவு. வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 வரை ஒப்பும்.

காய்ச்சினால் போகாதோ என்பீர்கள். காய்ச்சுதல் நோய்க்கிருமிகளைக் கொல்லும், அது தேவையே. ஆனால் நீர் ஆவியாகக் குறையுமேயன்றி, கரைந்த புளோரைடு குறையாது; எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

கடல்நீரை எண்ணுக. அதன் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீர்க் குடிநீர் நிலையங்கள் முதலில் மிதப்பவற்றை வடிக்கின்றன. பின்னரே நீரைப் பேரழுத்தத்தில் நுண்சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கின்றன. தொங்கலுக்கு ஒரு வழி. கரைசலுக்கு வேறு வழி.

கரைதல், கலங்குதல், படிதல், தெளிதல் என்று நம் மொழி இவற்றைத் தொன்றுதொட்டே பிரித்துணர்ந்து பெயரிட்டுள்ளது. அமெரிக்க மருத்துவர் கிறீன் வேதியல் நூலொன்றைத் தமிழில் வெளியிட்டது 1875-இல். அதன் பெயரோ 'கெமிஸ்தம்'! இன்று நமக்குக் கரைசல், தொங்கல், கூழ்மம் எனும் சொற்கள் உள்ளன. கரைசல் என்னும்போதே, 'கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒன்று இருக்கின்றது' என்னும் எச்சரிக்கை சிற்றூர்த் தாய்க்கும் விளங்கும்.

மாணவர்களே, உங்கள் தெருக் கிணற்று நீரையும் ஆழ்துளை நீரையும் ஆய்வகத்திற்கு விடுத்து, கரைந்துள்ளவை எவையெனக் கேட்டறியுங்கள். கலங்கலைக் கண் காட்டும். கரைந்ததை ஆய்வே காட்டும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. இதனை இன்றிரவே உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள்.