நாயை முடக்கும் உண்ணி

நாயின் காதடியிலும் கழுத்திலும் உண்ணி பற்றியிருப்பது எவருக்கும் புதுமையான காட்சியன்று. வீட்டுக்காரர் அதனைப் பிடுங்கி எறிவார். நாயும் உடலை உதறிக்கொண்டு போய்விடும். ஆனால், அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்தில் வாழும் ஓரின உண்ணி அவ்வளவு எளிதில் மறக்கக்கூடியதன்று. அதன் பெண் ஒன்றே போதும். நல்ல வலிமையுள்ள நாயும் ஒரு வாரத்துக்குள் கால் முடங்கி, மூச்சுத் திணறி, இறந்துபடும். இக்கேட்டினை உண்ணி வாதம் எனலாம்.

விலங்கியலார் 'இக்சோடிசு ஒலோசைக்கிளசு' என வழங்கும் இவ்வுண்ணி, வடக்கே குயீன்சுலாந்திலிருந்து நியூ சவுத் வேல்சு வழியாகத் தெற்கே விக்டோரியாவின் கிழக்குப் பகுதிவரை, கடலையொட்டிய ஒடுங்கிய நிலப்பரப்பில் வாழ்கின்றது. சிட்னி மாநகரின் புறநகர்த் தோட்டங்கள் பலவும் அவ்வெல்லைக்குள் அடங்கும். ஆகவே, இலங்கையிலிருந்து சென்று அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது அயலார் செய்தியன்று.

இவ்வுண்ணிக்கு இயல்பாக இரையளிப்பது வயிற்றிற் பையுடைய பண்டிகூட் என்னும் சிறு விலங்கு. அப்பெயரின் வரலாறு சுவையானது. பெருச்சாளியைக் குறிக்கும் 'பந்திக்கொக்கு' என்ற தெலுங்குச் சொல்லைத் திரித்து வழங்கிய ஆங்கிலேயர், அதனையே கடல் கடந்து கொண்டுசென்று, பெருச்சாளியோடு எவ்வுறவுமில்லாத ஒரு பிராணிக்குச் சூட்டிவிட்டனர். பண்டிகூட் இளமைமுதலே கடிபட்டுப் பழகுவதால் உண்ணியின் நஞ்சைத் தாங்கிக்கொள்கின்றது. நாய்க்கு அப்பயிற்சி வாய்ப்பதில்லை.

இவ்வுண்ணியின் கொடுமை நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1824ஆம் ஆண்டில் அந்நாட்டின் உட்பகுதிகளை ஆராய்ந்து சென்ற வில்லியம் ஹோவெல், மனிதரையும் விலங்கையும் மாய்க்கவல்ல உண்ணியைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எனினும், அது கொல்லும் முறையைத் தெளிவாக்கியவை 1920களிலும் 1930களிலும் இயன் குளூனிஸ் றொஸ் என்னும் மிருக வைத்திய அறிஞர் நடத்திய பரிசோதனைகளே. நோய்க்குக் காரணம் கிருமியன்று, உண்ணியின் உமிழ்நீரில் ஊறும் நஞ்சே என்பது அவற்றால் நிலைபெற்றது. பிற்காலத்தில் அந்நாட்டு ஐம்பது டொலர்த் தாளில் அவருடைய உருவம் பொறிக்கப்பட்டது. மிருக வைத்தியர் ஒருவருக்கு நாணயத்தாளில் இடங்கிடைப்பது அரிதினும் அரிது.

நரம்பின் நுனியிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் பொருள் வெளிப்படாதவாறு அந்நஞ்சு தடுத்துவிடுகின்றது. ஆணை பிறந்தும், அது தசையைச் சென்றடைவதில்லை. பற்றிய அன்றே இது நிகழாது. உண்ணி மூன்று நான்கு நாள் இரத்தம் குடித்துப் பருத்த பின்னரே நஞ்சு மிகுதியாக இறங்குகின்றது. நாட்டின் தென்பாதியில் வசந்தம் தொடங்கிக் கோடை வரையுள்ள மாதங்களே இதற்குரிய பருவம்; வெப்பமான வடபகுதியில் எம்மாதத்திலும் நேரலாம்.

முதற்குறி பெரும்பாலும் குரலில் தோன்றும். நாயின் குரைப்பு கரகரத்து, வேறொரு நாயின் குரல்போல் ஒலிக்கும். அடுத்து ஓங்கரிப்பு, வாந்தி, உணவில் வெறுப்பு. படியேறும்போது பின்னங்கால்கள் தள்ளாடும். இத்தளர்ச்சி பின்னிருந்து முன்னோக்கி ஏறும். முன்னங்கால்களும் ஓய்ந்து, தலையைத் தூக்கவும் இயலாத நிலை வரும். கண்மணி விரியும், மூச்சு மெதுவாகி, வெளிவிடும்போது முனகல் கேட்கும். அறிவு மட்டும் மங்குவதில்லை. தன்னை வளர்த்தவர் யாரென்று அறிந்தபடியே அந்நாய் கிடக்கின்றது.

ஐயம் எழுந்தவுடன் உண்ணியைத் தேடல் வேண்டும். கண்ணைவிட விரல் நம்பத்தக்கது. மூக்கிலிருந்து தொடங்கி, உதட்டு மடிப்பு, காதின் உட்புறம், கழுத்துப்பட்டியின் கீழ், அக்குள், விரலிடுக்கு, வாலடி என மயிரை விலக்கி மெல்லத் தடவிச் செல்லவேண்டும். பெரும்பாலும் தலையிலும் கழுத்திலுமே அகப்படும். ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்துவது தவறு; மற்றொன்றும் இருக்கலாம். நுனி கூரிய சாவணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, சிறு போத்தலில் இட்டு வைத்தியரிடம் காட்டலாம். மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீக்குச்சியாற் சுடுவதும் பயனற்ற செயல்கள்.

இனிக் கூறுவதே மிக முக்கியமானது. வட அமெரிக்காவிலும் வேறோரின உண்ணியால் இத்தகைய வாதம் உண்டாகின்றது. அங்கே உண்ணியை அகற்றினால் நாய் ஓரிரு நாளில் எழுந்து நடமாடும். அவுஸ்திரேலிய உண்ணியின் போக்கு இதற்கு நேர்மாறானது. அதனை அகற்றிய பின்னரும் ஒருநாள் இருநாள் வரை நிலை மேலும் மோசமாகும். உண்ணியை எடுத்தாயிற்று, காலையில் பார்ப்போம் என்று உறங்கப்போகும் வீட்டார் பலர் காலையில் நாயை உயிருடன் காண்பதில்லை. இந்நோயில் அலட்சியத்தைவிட அவசரப்பட்ட நிம்மதியே மிகுந்த உயிர்களைக் கொள்ளைகொள்கின்றது எனலாம்.

வைத்தியர் கொடுக்கும் தலையாய மருந்து எதிர்நச்சுச் சீரம். உண்ணிகளைச் சிறுகச் சிறுகக் கடிக்கவிட்டு எதிர்ப்பாற்றல் ஊட்டப்பட்ட நாய்களின் இரத்தத்திலிருந்து அது பெறப்படுகின்றது. நாயை நாயே காக்கின்றது. இரத்தத்தில் திரியும் நஞ்சையே அச்சீரம் முறிக்கும். நரம்பிற் பற்றிவிட்ட நஞ்சை அதனால் மீட்க இயலாது. எனவே, முதல் தள்ளாட்டத்திற் கொடுத்த சீரத்துக்கும் மூச்சுத் திணறும்போது கொடுத்த சீரத்துக்கும் பயனில் பெரும் வேறுபாடுண்டு. நிலை முற்றிய நாய்க்கு உயிர்வளியும், சிலவேளை செயற்கைச் சுவாசப் பொறியும் தேவைப்படும்.

வைத்தியரிடம் சேரும்வரை நாய்க்கு உணவோ நீரோ மருந்தோ வாய்வழி ஊட்டலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பதால், ஊட்டியது நுரையீரலுட் புகுந்து சளிச்சுரத்தை விளைவிக்கும். பரிவினாற் புகட்டும் பாலே யமனாகிவிடும். குளிர்ந்த, அமைதியான இடத்தில் மார்பு நிலத்திற்படக் கிடத்தி, வெயில் படாமற் கொண்டுசெல்லவேண்டும். பிழைத்தெழுந்த நாயையும் சில வாரங்கள் ஓடவிடலாகாது. ஒருமுறை நோயுற்றுத் தேறியதனால் நிலையான பாதுகாப்பு வந்துவிட்டதென்று கருதவும் கூடாது.

2010களின் நடுப்பகுதியிலிருந்து பிளூரலானர், அபொக்சலானர் முதலிய மருந்துகள் மாத்திரை வடிவில் வழக்கத்துக்கு வந்துள்ளன. அவற்றை உட்கொண்ட நாயின் இரத்தத்தைக் குடித்த உண்ணி, நஞ்சு பெருகுமுன் மடிகின்றது. வலிப்புக்கண்ட நாய்களுக்கு அவற்றைக் கொடுக்குமுன் வைத்தியரின் ஆலோசனை இன்றியமையாதது. மாத்திரை கொடுப்போரும் பருவகாலத்தில் நாள்தோறும் நாயைத் தடவிப் பார்ப்பதைக் கைவிடுவதில்லை.

இலங்கையிலும் இதுதானா நிகழ்கின்றது என நேயர்கள் வினவக்கூடும். அவ்வுண்ணி இங்கில்லை. இங்குள்ள நாய் உண்ணிகளால் விளையும் பெருந்தீங்கு, இரத்தத்தில் நுண்ணுயிர் புகுந்து உண்டாக்கும் உண்ணிக் காய்ச்சல். நாய் காய்ச்சலுற்றுச் சோர்வதும், ஈறு வெளுப்பதும் அதன் குறிகள். அதற்குரிய மருந்துகளும் வேறானவை. ஆனால் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. குரல் மாறி, விழுங்க முடியாது, கால் தளர்ந்து வரும் நாய்க்கு விசர் நோயும் இருக்கலாம். அவுஸ்திரேலியாவில் நாய்களிடையே அந்நோய் இல்லை, இங்கே உண்டு. ஆதலால், அத்தகைய நாயின் வாயினுள் உண்ணியையோ எலும்பையோ தேடிக் கையை விடலாகாது. அதனைத் தனியே அடைத்துவைத்து, உடனே மிருக வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். அதன் கடியோ எச்சிலோ பட்டவர் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.