ஓடத்தில் ஏறும் மோட்டார் சைக்கிள்



மோட்டார் சைக்கிளோடு ஓடம் ஏறுவது எப்படி என்பதைப் பற்றியும், வழுக்கும் இடங்களில் வண்டியை நடத்துவது பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு இந்தப் பொருளில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பள்ளிக்குப் போய் வந்தது மோட்டார் சைக்கிளில்தான். வகுப்பில் நான் கற்பித்ததோ பௌதிகம். இவ்விரண்டும் சேர்ந்தே என்னை இங்கே பேச வைத்திருக்கின்றன.

வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஓடத்தைக் கேரளத்தில் ‘ஜங்கார்’ என்பார்கள். படகுகளை இணைத்து, அவற்றின்மேல் பலகைத் தளம் பரப்பி உண்டாக்கிய மிதவைக்கு வழங்கிய பெயர் அது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘எரித்திரையக் கடற் பெரிப்ளூஸ்’ என்னும் நூல், நம் கிழக்குக் கரைத் துறைகளைச் சொல்லுமிடத்தில், மரங்களைப் பிணைத்துக் கட்டிய ‘சங்கரா’ என்னும் பெரிய கலங்களைக் குறிப்பிடுகிறது. ஜங்கார் என்பது அந்தப் பழஞ்சொல்லோடு உறவுடையது என்று கருதுவோர் உண்டு. ஆகவே, கலங்களைப் பிணைத்து நீரைக் கடப்பது நமக்குப் புதிய கலையன்று. அந்தக் கலத்தின்மேல் இரண்டு சக்கரங்களில் ஏறி நிற்கும் கனத்த இயந்திரந்தான் புதிது.

கொச்சித் துறைமுகத்தின் வாயிலில், தென்புறம் ஃபோர்ட் கொச்சியும் வடபுறம் வைப்பின் தீவும் எதிரெதிரே இருக்கின்றன. இடையில் கப்பல்கள் போய்வரும் ஆழமான நீர்வழி. வைப்பினை எறணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீப் பாலங்கள் 2004-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. எனினும், எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஃபோர்ட் கொச்சியைத் தரைவழியே அடைய நகரைச் சுற்றித்தான் வரவேண்டும். ஓடத்திலோ சில நிமிடங்களில் சேர்ந்துவிடலாம். இந்தத் துறையில் 2015 ஆகஸ்ட் 26 அன்று நேர்ந்த படகு விபத்தில் பல உயிர்கள் பறிபோயின. அதன் பின்னர், 2018 ஏப்ரலில், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான ‘சேது சாகர்’ என்னும் புதிய ஓடங்கள் இங்கே ஓடத் தொடங்கின. வண்டிகள் ஒரு முனையில் உருண்டு ஏறி மறுமுனையில் உருண்டு இறங்கும்படி அமைந்தவை இவை; ‘ரோ-ரோ’ என்று மக்கள் சொல்கிறார்கள்.

என் மகள் குடும்பம் கொச்சியில் இருப்பதால், வண்டியோடு இந்தத் துறையைப் பன்முறை கடந்திருக்கிறேன். ஓடம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், கரைக்கும் ஓடத்துக்கும் இடையே இரும்பாலான ஒரு சாய்தளம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சில அடித் தூரந்தான் நம் பாடம்.

கடல்நீர் பெருகி வற்றுந்தோறும் சாய்தளத்தின் சரிவு மாறுகிறது. காலையில் சமமாக இருந்த பாதை மாலையில் செங்குத்தாகத் தோன்றலாம். அதன்மேல் உப்புநீர் தெறித்திருக்கும். முன்னே சென்ற லாரியின் எண்ணெய் சொட்டியிருக்கும். கரையோரத்துச் சிமெண்டில் பாசி படிந்திருக்கும். இத்தகைய தரையில் டயருக்கு என்ன நேர்கிறது? ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ள வண்டியும், அதன்மேல் அமர்ந்திருக்கும் நாமும் பூமியைத் தொடுவது இரண்டே இரண்டு சிறிய இடங்களில்தான். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அந்த இரண்டு உள்ளங்கைகளின் பிடிப்பே நம்மைக் காக்கிறது.

இந்தப் பிடிப்பை நான் மாணவர்களுக்கு மாதச் சம்பளமாக உவமித்துச் சொல்வேன். வேகத்தைக் கூட்டுவதும் ஒரு செலவு. பிரேக் பிடிப்பதும் ஒரு செலவு. வளைந்து திரும்புவதும் ஒரு செலவு. மூன்றும் ஒரே சம்பளத்திலிருந்துதான் போகவேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் சம்பளம் தாராளம். ஆகவே வளைந்துகொண்டே பிரேக் பிடித்தாலும் சமாளித்துவிடுகிறோம். நனைந்த இரும்பில் சம்பளம் மிகக் குறைவு. அங்கே இரண்டு செலவுகளை ஒரே சமயத்தில் செய்தால் டயர் கடன்பட்டுவிடும். அந்தக் கடனுக்குத் தவணை கிடையாது, அக்கணமே விழவேண்டியதுதான்.

இந்தக் கணக்கை உணர்ந்தவர்க்கு மற்ற விதிகள் தாமே விளங்கும். முன்னே செல்லும் வண்டி முழுவதும் தளத்தில் ஏறி விலகும்வரை கரையிலேயே காத்திருக்க வேண்டும். சரிவின் நடுவில் நிற்க நேரக்கூடாது. திருப்ப வேண்டியதைக் கரையிலேயே திருப்பி, வண்டியை நேராக நிறுத்திக்கொள்ள வேண்டும். சாய்தளத்தின் விளிம்பைக் கோணலாகக் கடவாமல், செங்கோணத்தில் கடக்க வேண்டும். முதல் கியரில், ஒரே சீரான மெதுவான வேகத்தில் செல்ல வேண்டும். கீழ்நோக்கி இறங்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கலாகாது. மேல்நோக்கி ஏறும்போது ஆக்சிலேட்டரை வெடுக்கென்று முறுக்கலாகாது. முன்னதில் முன்சக்கரம் வழுக்கும். பின்னதில் பின்சக்கரம் சுழன்று விலகும். ஏற்றத்தில் நிற்கவே நேர்ந்துவிட்டால், எடை பின்சக்கரத்தின்மேல் சாய்ந்திருப்பதால், வலக்காலால் பின் பிரேக்கை மிதித்து, இடக்காலை ஊன்றிக்கொள்வது நலம். பார்வை சக்கரத்தின்மேல் இராமல், போய்ச் சேரவேண்டிய இடத்தின்மேல் இருக்கட்டும்.

ஒருநாள் மாலை, மழை தூறிக்கொண்டிருந்த நேரம். ஓர் இளைஞர் தம் மனைவியையும் கைக்குழந்தையையும் பின்னால் அமர்த்தி, முன்னே ஒரு மூட்டையையும் வைத்துக்கொண்டு துறைக்கு வந்தார். நீர் வற்றியிருந்ததால் சரிவு அதிகம். அவர் முகத்தில் தயக்கம் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். அந்த ஒலி பொல்லாதது, நேயர்களே! வழுக்குந் தரையைவிட அதுவே பலரைத் தள்ளிவிடுகிறது. அப்போது ஓடத்துப் பணியாளர் ஒருவர், வயதில் முதிர்ந்தவர், அவரருகே வந்து மலையாளத்தில் சொன்னார்: “மோனே, இறங்கித் தள்ளு. அக்கரை எங்கும் ஓடிப்போகாது.” அந்த அம்மையார் குழந்தையோடு இறங்கி நடந்தார். பணியாளர் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். நான் வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டேன். இளைஞர் கிளட்சை அளவோடு விட்டு, பக்கத்தில் நடந்தபடியே வண்டியை ஏற்றிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாரன் அடித்தவர்களும் இறங்கித்தான் தள்ளினார்கள்.

தளத்தில் ஏறியபின் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முதல் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டில் சாய்த்து, ஹாண்டிலை இடப்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும். கியரில் இருக்கும் வண்டி எளிதில் உருளாது. சென்டர் ஸ்டாண்டு நிலத்தில் உறுதியாகத் தோன்றினாலும், தளம் முன்னும் பின்னும் ஆடும்போது வண்டி அதிலிருந்து நழுவக்கூடும். நெடுந்தூர ஓடங்களில் வண்டியை இருபுறமும் கயிற்றால் தளத்து வளையங்களோடு இழுத்துக் கட்டுவார்கள். சில நிமிடப் பயணமாயின், அருகில் நின்று முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டாலே போதும். ஆனால் வண்டியின்மேல் அமர்ந்திருக்கலாகாது. முதுகில் கட்டிய பையைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில் அது மனிதனைக் கீழே இழுக்கும். மிதவை அங்கி கொடுத்தால், கூச்சப்படாமல் அணிய வேண்டும். ஓடத்தில் சரியும் ஒரு வண்டி அடுத்த வண்டியைச் சாய்க்கும். அது பக்கத்தில் நிற்கும் குழந்தையின் காலில் விழும். சாலையில் நம் தவறு பெரும்பாலும் நம்மைத் தண்டிக்கிறது. ஓடத்திலோ அயலாரையே முதலில் தண்டிக்கும்.

ஓடம் ஏறாத நேயர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டியதே. நம் ஊர்ச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் பரப்பும் வைக்கோலும் தானியமும், பாலங்களின் குறுக்கே பதித்த இரும்புப் பட்டைகளும், மழையில் நனைந்த வெள்ளைக் கோடுகளும், கோடைக்குப்பின் பெய்யும் முதல் மழையில் மேலெழும் எண்ணெய்ப் படலமும், சாலையைக் கோணலாகக் குறுக்கிடும் தண்டவாளமும் எல்லாம் சாய்தளத்தின் உடன்பிறப்புக்களே. அவற்றை அடைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; அவற்றின்மேல் இருக்கும்போது எதையும் புதிதாகச் செய்யலாகாது. மணலில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே முன்சக்கரம் புதையும் இயல்புடையதாதலால், உடலைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, நிற்காமல் சீராகச் செல்ல வேண்டும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் சற்று ஆடவிட வேண்டும்.

இன்றைய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் கருவி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் அது கட்டாயமாயிற்று. நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆயினும் அது இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் செலவிட உதவுமேயன்றி, இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது. கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராயினும் சம்பளத்தை உயர்த்த முடியுமா?

என் பணிக்காலத்தில், பள்ளியை விட்டுச் சென்ற மாணவர் இருவரின் இறுதி ஊர்வலத்தில் நான் நடந்திருக்கிறேன். ஒருவன் மழை நாளில் தண்டவாளத்தைக் கோணலாகக் கடந்தவன். மற்றவன் சாலையில் பரப்பிய வைக்கோலின்மேல் பிரேக் பிடித்தவன். இருவரும் நன்றாக வண்டி ஓட்டுவார்கள் என்று ஊரே சொல்லும். உராய்வு என்னும் பாடத்தை இருவரும் என்னிடமே படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றார்கள். பாடப்புத்தகத்தில் இருந்த உராய்வுக்கும், காலடியில் இருக்கும் உராய்வுக்கும் நடுவே பாலம் போட வேண்டியது பள்ளியும் வீடும் சேர்ந்து செய்யவேண்டிய பணி. பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், சாவியோடு ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கொடுங்கள்: “சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளு; யார் சிரித்தாலும் கவலையில்லை.”

இளைஞர்களே, வண்டியை ஓட்டத் தெரிவது ஒரு திறமை. இறங்க வேண்டிய இடம் தெரிவது அதனினும் பெரிய திறமை. வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள், நீங்கள் துறையை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் வந்து சேர்வதொன்றே அவர்களுக்கு வேண்டும்.