கோவில் கதவைத் திறந்தது யார்?

வாயுக்கள் சூடேறினால் ஏன் விரிகின்றன என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடந்தானே, நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். இதை அறியாத மனிதனைக் கோவில் வாசலில் எவ்வளவு சுலபமாய் ஏமாற்றலாம் என்று கேட்டால் அப்படி நினைக்கமாட்டார்கள்.

எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் ஹீரோ என்றோர் அறிஞர் இருந்தார். அவர் தமது நூலில் ஒரு சிறு கோவிலின் அமைப்பை விவரித்திருக்கிறார். பலிபீடத்தில் நெருப்பு மூட்டினால் கதவுகள் தாமே திறக்கும். நெருப்பு அணைந்தால் தாமே மூடிக்கொள்ளும். வெளியே நிற்பவன் என்ன செய்வான்? தேவன் பலியை ஏற்றுக்கொண்டான் என்று விழுந்து கும்பிடுவான்.

ஆனால் தரைக்குக் கீழே நடப்பதென்ன? பீடத்தின் உள்ளே இருப்பது வெறுங்காற்று. அது சூடேறி விரிந்து, குழாய் வழியாய் இறங்கி, கீழே மூடிக்கிடக்கும் உருண்டைப் பாத்திரத்திலுள்ள தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீர் வளைந்த குழாயில் ஏறி, தொங்கும் வாளியில் விழுகிறது. வாளி கனத்துக் கீழிறங்க, அதைக் கட்டிய கயிறு கதவின் அச்சுகளைத் திருப்புகிறது. காற்று குளிர்ந்து சுருங்கினால் தண்ணீர் திரும்பிப்போகிறது; எதிர்ப்பக்கத்து எடை கதவை மூடிவிடுகிறது. இதில் தேவனுக்கு என்ன வேலை?

சரி, காற்று ஏன் விரிகிறது? அதன் மூலக்கூறுகள் பருத்துப்போவதினாலல்ல. அவை ஒன்றோடொன்று ஒட்டாமல், சாதாரண அறையிலேயே வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடி, எதிர்ப்பட்டதில் எல்லாம் மோதிக்கொண்டிருக்கின்றன. சூடு ஏறினால் ஓட்டம் கூடும், மோதலும் வலுக்கும். வெளி அழுத்தம் மாறாதிருந்தால், உள்ளிருக்கும் வாயு எதிரிலுள்ளதைத் தள்ளிக்கொண்டு, இரு பக்கத்து அழுத்தமும் சமமாகும் வரையில் தன் இடத்தைப் பெருக்கிக்கொள்ளும். அழுத்தத்தை மாற்றாமல் 0 டிகிரியிலிருந்து 273 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேற்றினால் அதன் பருமன் இரட்டிப்பாகும். எந்த வாயுவானாலும் விரிவது ஏறக்குறைய ஒரே அளவே என்று பிரான்சு தேசத்து கே-லுசாக் 1802-ல் வெளியிட்டார். மந்திரம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

தோழர்களே! கதவு திறந்தது பொய் என்று நாம் சொல்லவில்லை. திறந்தது மெய்தான், திறந்தது யார் என்று சொல்லுவதில்தான் புரட்டு இருக்கிறது. ஆகையால் யாராவது அற்புதம் என்று ஒன்றைக் காட்டினால், கண்ட காட்சியை மறுத்துச் சண்டையிடவேண்டாம். "தரைக்குக் கீழே என்ன இருக்கிறது? திறந்து காட்டு" என்று மட்டும் கேளுங்கள். காட்டமாட்டேன் என்பானானால், அவனுடைய அற்புதம் எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே விளங்கிவிடும்.