பதினோராம் வகுப்பில் ஒரு வாசல்

 

பொறியியற் கல்வியில் நம் பிள்ளைகள் பெருக வேண்டிய வழிகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பி.ஏ., பி.எட். படித்த ஆசிரியர்களுக்குப் பொறியியல் எங்கே தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், அக்கல்லூரிக்குச் செல்லும் பாதை அரசுப் பள்ளியின் பதினோராம் வகுப்பு வழியாகச் செல்கிறது. அங்கே வாயிற்காவலராய் நிற்பவர்கள் நாங்கள்தாம்.

1942இல் வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், அரசுக்கு ஒரு மனு அளித்தார். கலைப்படிப்பும் சட்டப்படிப்பும் மட்டும் நம் மக்களை உயர்த்தா, உயர்ந்த அறிவியல் தொழில்நுட்பக் கல்வியே வேண்டும் என்று அதில் வாதிட்டார். 1950இல் சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுத்த இருவருள் ஒருவர் கேட்டது மருத்துவக் கல்லூரி இடம். மற்றவர் கேட்டது பொறியியற் கல்லூரி இடம். பதினான்கு இடங்களில் இரண்டை நமக்கு அளித்திருந்த அந்த ஆணை 1951இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அவ்வாண்டே அரசியலமைப்பு திருத்தப்பட்டது. இன்று தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு. 2009 முதல் அதனுள் அருந்ததியர்க்கு 3. நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி இடம் உண்டு. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசினுடையவை.

சட்டம் கதவைத் திறந்தது. மூடியவர்கள் யார்? நாங்களும்தாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பு மாணவன் ஒருவன் கணிதப் பிரிவு கேட்டு வந்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவன் மதிப்பெண் 58. “தம்பி, வணிகவியல் எடுத்துக்கொள், எளிதில் தேறிவிடுவாய்” என்றோம். உண்மையில் எங்கள் கண்முன் நின்றது பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு. சென்ட்ரிங் வேலை செய்யும் அவன் தந்தை, “ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று கையெழுத்திட்டார். அந்தச் சொல் இன்றும் எங்களை உறுத்துகிறது. பின்னர் எங்கள் பள்ளிக்கே புதிய வகுப்பறை எழுந்தபோது அவனை அங்கே கண்டோம். கம்பி கட்டும் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கிருந்த வேலையாட்களில் வரைபடத்தைப் படித்து அளவு சொன்னவன் அவன் ஒருவனே.

கணிதம் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் ஏறக்குறைய அடைபட்ட வாசல். பாலிடெக்னிக் முடித்து இரண்டாம் ஆண்டில் சேரும் சுற்றுவழி ஒன்று உண்டு. அதைப் பெற்றோர் பலர் அறியார்.

சேர்ந்த பின்னும் இடர் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. மற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. முதலாண்டுப் பொறியியல் வரைபடப் பாடத்துக்கு மினி டிராஃப்டர் வேண்டும். நம் பிள்ளை அதைக் கல்லூரியில்தான் முதன்முதல் தொடுகிறான். இரண்டு அரியர் விழுந்தால் வெட்கத்தால் ஊருக்கு வருவதில்லை. நான்கு விழுந்தால் கல்லூரிக்குப் போவதில்லை. பெண்பிள்ளையாயின், “இதற்குத்தானா விடுதிக்கு அனுப்பினோம்” என்ற பேச்சு வேறு.

பரிசும் பொன்னாடையும் வழங்குவதைச் சங்கம் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து, பெரியோர்கள் பொறுத்தருள்க. அப்பணத்தில் ஐந்து டிராஃப்டர்கள் வாங்கிச் சங்கத்தில் வைத்தால் ஆண்டுதோறும் ஐந்து பிள்ளைகள் பயன்படுத்துவர். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைக் கலந்தாய்வுக்கு முன்பே பெற்றுத்தர இருவர் பொறுப்பேற்க வேண்டும். பொறியியல் முடித்த இளைஞர்கள் இவ்வரங்கில் இருக்கிறீர்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளின் பெயரைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்துள்ளோம். விழா முடிந்ததும் மேடையின் இடப்புறம் அமர்ந்திருப்போம். பெற்றோர்கள் பிள்ளைகளுடன் வருக. கணக்கில் எவ்வளவு மதிப்பெண் என்று கேட்கமாட்டோம்.