மட்டக்களப்பு நீதிமன்றங்களும் மக்கள் அலுவல்களும்

மட்டக்களப்பு நகரில் நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம் என்று படிப்படியாக நீதி அமைந்திருக்கிறது. குற்றம் செய்தவருக்கே அங்கே அலுவல் என்ற எண்ணம் புளியந்தீவிலும் வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்னும் வேரோடியிருக்கிறது. அந்த எண்ணத்தால் உரிமையை இழப்பவர்கள் கைவிடப்பட்ட மனைவிமாரும் காணி பறிகொடுத்த ஏழைகளுமே.

சிறு தகராறுகள் பலவும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய அந்தச் சபையில் சட்டத்தரணிகள் வாதாட முடியாது. தகராறுக்காரர்களே நேரில் பேசவேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்குரிய சான்றிதழோடு வழக்குத் தொடரலாம்.

நீதவான் நீதிமன்றம் மக்களுக்கு மிக நெருக்கமானது. சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கான தாபரிப்பும், வீட்டு வன்முறைக்கு எதிரான பாதுகாப்புக் கட்டளையும் இங்கேதான் கிடைக்கின்றன. அந்தக் கட்டளை பன்னிரண்டு மாதம்வரை செல்லுபடியாகும்.

காணிச் சண்டையில் அமைதி குலையும் நிலை வந்தால் ‘66ஆம் பிரிவு வழக்கு’ எனப்படும் வழக்கு உண்டு. பொலிஸார் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவரும் அதைத் தாக்கல் செய்யலாம். வழக்குத் தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் மீண்டும் காணியில் குடியமர்த்தும். தாமதித்தவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். காணி யாருக்குச் சொந்தம் என்பதை இந்த வழக்கு தீர்க்காது. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து, முதுசொம் (பரம்பரைச் சொத்து), காணிப் பிரிவினை ஆகியவை விசாரிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்ற வழக்கச் சட்டம் இருப்பதுபோல் மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் இருந்தது. அதன்படி முதுசொம் தாய்வழியே, சகோதரியின் பிள்ளைகளுக்கு இறங்கியது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை: மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது இப்பகுதியில் இன்றும் தொடர்கிறது. ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதப்படாத காணிக் கொடுக்கல் செல்லாது. வாய்ச்சொல்லால் கொடுத்த சீதனம், தகப்பன் கண்மூடியபின் உடன்பிறந்தவர்களை வழக்காளிகளாக்கிவிடுகிறது. முஸ்லிம்களின் திருமணப் பிணக்குகள் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி காதி நீதிமன்றங்களுக்குப் போகின்றன.

கொலை போன்ற பாரிய குற்றங்களை மேல் நீதிமன்றம் விசாரிக்கிறது.

வழக்கு எந்த மொழியில் நடக்கிறது என்பது சிறிய விடயம் அல்ல. 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழியாகவும் பதிவு மொழியாகவும் தமிழை வைத்தது. தமிழ் விளங்காத வழக்காளிக்கு அரசே மொழிபெயர்ப்பு வழங்கவேண்டும். தெற்கிலே சிங்களத்தில் நடக்கும் வழக்கில் தமிழருக்கும் அதே உரிமை உண்டு; அதைக் கேட்டுப் பெறவேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைகளுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் உதவுகிறது. அடிப்படை உரிமை மீறல் வழக்குக்கு மட்டும் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கே போகவேண்டும், அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் கணக்கிடப்படாது. அந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது.