பல் வலியா, கழுத்து வலியா?

(மாதர் தலைவிமார் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போன மழைக்காலத்தில் நம் டிவிசனில் ஒரு அக்கா கொழுந்துக் கூடையோடு கானுக்குள் வழுக்கி விழுந்தார். அன்றைக்குக் கழுத்துச் சுளுக்கு மட்டும்தான். இரண்டு வாரத்தில் வலது கண்ணுக்குப் பின்னாலும் தாடையிலும் வலி. பல் என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. அடுத்ததும் போனது. விழுந்தாயா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முகத்து நரம்பின் செய்தி போய்ச் சேரும் இடம் மூளையின் அடியிலிருந்து கழுத்தின் மேல்பகுதி வரை இறங்கியிருக்கிறது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. நம் லயத்துக் கடிதம் மாதிரி: விலாசம் ஒன்று, வீடு பல. கழுத்து அனுப்பும் வலியை மூளை நெற்றி, கண், காதோரம் என்று வாசித்துவிடும். கழுத்திலிருந்து வரும் தலைவலியை நோர்வே வைத்தியர் ஒட்டார் ஷோஸ்டாட் 1983இல் தனியாக விவரித்தார்.

ஆகவே டொக்டரிடம் முதலில் விழுந்த கதையைச் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்பினால் முகவலி கூடுகிறதா, பிடரியை அமுக்கினால் வருகிறதா என்று அவர் பார்ப்பார். பல்லையும் தாடை மூட்டையும் பார்க்கத்தான் வேண்டும், பார்த்த பிறகு பிடுங்கட்டும். முகம் கழுவும்போது மின்னல் வெட்டுவது போல வலித்தால் அது வேறு நரம்பு நோய், அதற்கு மருந்தும் வேறு. பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம்.

கழுத்து வலிக்கு அளவான வலிநிவாரணி, பிசியோதெரபி, மெதுவான கழுத்துப் பயிற்சி. வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் கூடைக் கயிறு தலையில் ஏறக் கூடாது. இலகு வேலை கேட்டு டொக்டரிடம் துண்டு வாங்குங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைச் சடக்கென்று திருப்ப யாரையும் விடாதீர்கள்.

விழுந்த பிறகு கண் இமை தொங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்தால், பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், கழுத்தை அசைக்கவே முடியாவிட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். லொறியோ ஓட்டோவோ, கிளங்கனோ நுவரெலியாவோ, கழுத்தை ஆட்டாமல் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. வேலையில் விழுந்தால் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி, டிஸ்பென்சரியிலும் எழுத வையுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. ஆனால் விழுந்ததற்கே பதிவு இல்லாமல், இரண்டு மாதம் கழித்து வந்த முகவலிக்கு நாங்கள் எதைக் காட்டிப் பேசுவது? எழுத மறுத்தால் அன்று மாலையே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். நாங்கள் ஆபீசுக்கு வருகிறோம்.