அக்டோபர் 17: பெயர் எழுதப்படாதவர்களின் நாள்



ஒருவரை நினைவுகூர முதலில் அவருடைய பெயர் தெரிய வேண்டும். பெயரே எழுதி வைக்கப்படாத ஒரு தலைமுறையை நாம் எப்படி நினைவுகூர்வது? இந்தக் கேள்வியோடுதான் இன்று சயாம் மரண ரயில்பாதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க, காடும் மலையும் அறுத்து 415 கிலோமீட்டருக்கு ரயில்பாதை போட்டது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17 அன்று, இரு திசையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்ட்டாவில் சேர்ந்தபோது முடிந்தது. அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 2 லட்சம் பேர். அவர்களில் இறந்தவர்களுக்கு மதிப்பீடுதான் உண்டு, கணக்கு இல்லை. 80,000 என்பார்கள், 90,000 என்பார்கள், அதற்கும் மேல் என்பார்கள். அந்த இடைவெளியில் தொலைந்துபோன பத்தாயிரம் பேரும் மனிதர்கள்தானே?

பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோருடன் மலாயாத் தோட்டங்களின் தமிழர்களும் அங்கே பெருந்தொகையாக மடிந்தார்கள். தஞ்சை, திருச்சி, ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பின்னால் கப்பலேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அவர்கள். அவர்களில் கணிசமானோர் சேரிகளிலிருந்து போனவர்கள். பண்ணையடிமைத்தனத்திலிருந்து தப்பிப் பால்மரக் காட்டுக்குப் போனவர்களை, அங்கிருந்து மரணப் பாதைக்கு அனுப்பியது போர்.

ரப்பர் ஏற்றுமதி நின்றது. அரிசி வரவு நின்றது. வேலையும் சோறும் இல்லாத லயங்களில், மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததால் ஆட்கள் மறுத்தபோது, லாரியைக் கொண்டுவந்து வளைத்துப் பிடித்தார்கள். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளின் முகாம்களில் மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் இருந்தார்கள்; இறந்தவர் பெயரை மறைத்தாவது குறித்து வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளின் முகாம்களில் பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

போர் முடிந்தபின் போர்க்கைதிகளின் உடல்களைத் தேடி எடுத்துக் கல்லறைத் தோட்டங்கள் அமைத்தார்கள். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் அப்படி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 25 விடியலிலும் ஆஸ்திரேலியர்கள் ஹெல்ஃபயர் பாஸில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தத் துயரத்தை நாம் மதிக்கிறோம்; அவர்கள் பட்ட கொடுமை சிறியதல்ல. ஆனால் அதே பாதையில் நம்மவர்கள் புதைந்த குழிகளின் மேல் காடு வளர்ந்தது. சயாம் பகுதியின் பாதையை தாய்லாந்து அரசுக்கு விற்றபோது, பறிபோன தண்டவாளங்களுக்கும் தளவாடங்களுக்கும் ஈடு பேசினார்கள். பாதை போட்டவனுக்கு ஈடு பேச ஆளில்லை.

மலேசியாவில் ஜூலை 31 வீரர் நாள். நாட்டுக்காக ஆயுதம் ஏந்தியவர்களுக்கான நாள் அது. மண்வெட்டி ஏந்திச் செத்தவர்களுக்கு நாள் இல்லை. அண்மையில் காஞ்சனபுரியில் தமிழர்களுக்கு நடுகல் எழுப்பப்பட்டதை வரவேற்கிறோம். அதற்கு முன்பே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் இந்த வரலாற்றைக் காத்துத் தந்தது. கல்லும் நூலும் வந்துவிட்டன. இனி அரசு அறிவிக்கும் நாள் வர வேண்டும். அக்டோபர் 17 மலேசியாவில் தேசிய நினைவு நாளாக வேண்டும் என்ற குரலோடு நம் குரலும் சேரட்டும்.

நாள் மட்டும் போதுமா? 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் பீமா கோரேகானுக்குப் போனார். வெள்ளையன் தன் வெற்றிக்காக நட்ட தூண் அது. ஆனால் அதில் 1818 போரில் மடிந்த மகர் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தப் பெயர்கள் இருந்ததால்தான் ஒடுக்கப்பட்ட மக்கள் அந்தத் தூணைத் தங்களுடையதாக்கிக்கொள்ள முடிந்தது. ரயில்பாதையில் செத்தவர்களுக்கு அப்படிப் பெயர் தாங்கிய தூண் கிடையாது. ஆகவே பெயரைத் தேடுவதே நம் முதல் வேலை.

மாணவர்களே, உங்கள் ஊர்களுக்குப் போங்கள். மலாயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோனவர் யார் என்று பாட்டிகளிடம் கேளுங்கள். பெயரையும் ஊரையும் தெருவையும் எழுதுங்கள். தெருவை விட்டுவிடாதீர்கள். ‘தமிழர்’ என்று பொதுவில் சொல்லிச் சேரியை மறைத்தால், வெள்ளையனும் ஜப்பானியனும் எழுதாமல் விட்டதை நாமும் எழுதாமல் விட்டவர்களாவோம்.

அவர்களைக் கூலி என்று எண்ணினார்கள். நாம் பெயர் சொல்லி அழைப்போம். ஜெய்பீம்.